கியர் பெட்டியின் அடியில் ஒரு ரப்பர்த் துண்டு

நேயர்களே, கண்ணுக்கு எட்டாத இடத்தில் நடப்பதைச் செவியின் துணை ஒன்றால் அறிந்துகொள்ளும் பழக்கம் உங்களுக்கு உண்டு. அந்தப் பழக்கத்தை நம்பியே இன்று ஒரு பழைய மோட்டார் வண்டியின் சத்தத்தைப் பற்றிப் பேச முன்வந்தேன். சத்தம் கேட்ட இடம் ஒன்று. அதற்குக் காரணம் என்று எல்லோரும் சொன்னது வேறொன்று. உண்மையான காரணம் இவ்விரண்டும் அன்று. அந்த உண்மையைத் தேடிப் போன வழியில் சென்னை நகரின் மோட்டார்த் தொழில் வரலாறும், மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களும் எதிர்ப்பட்டன. ஆகையால்தான் இதனைப் பேசத் தக்க பொருளாகக் கருதினேன்.

2015-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத் தொடக்கத்தில் சென்னையைச் சூழ்ந்த வெள்ளத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருவிலும் நீர் முழங்காலுக்கு மேல் நின்றது. இது வியப்பன்று. ஒரு காலத்தில் இப்பகுதியின் அருகே நீண்டு கிடந்த பெரிய ஏரியைத் தூர்த்து 1920-களில் தியாகராய நகரை அமைத்தார்கள். ஏரி போயிற்று, லேக் வியூ ரோடு என்ற பெயர் மட்டும் நின்றது. மழை மிகும்போதெல்லாம் தண்ணீர் தன் பழைய முகவரியைத் தேடிக்கொண்டு வருகிறது.

எங்கள் வீட்டு வாசலில் அப்போது நின்றது ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் வண்டி. இரண்டு கதவுகள் கொண்டது. மருத்துவராக இருந்த என் தந்தையார் 1964-இல் வாங்கியது. இரவு வேளைகளில் நோயாளிகளைப் பார்க்கப் போவதற்கு அவருக்கு அதுவே துணை. ஆரிய கவுடா ரோட்டில் அதன் ஹாரன் கேட்டால், யாரோ ஒருவருக்கு உடல்நலமில்லை என்று பக்கத்து வீட்டார் அறிந்துகொள்வார்களாம். அவர் 2003-இல் மறைந்தார். அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒரு முறை நான் அதை ஓட்டி வந்தேன். என் தாயார் அதில் முன் இருக்கையில் அமர்ந்து கோதண்டராமர் கோவிலுக்குப் போய் வருவார். வேறு வண்டியில் ஏறச் சொன்னால் கால் வலிக்கிறது என்பார்.

வெள்ளம் வடிந்த பின்னர் வண்டியைக் கழுவி, எண்ணெய் மாற்றி, ஒருவாறு இயக்கினேன். ஓடிற்று. ஆனால் புறப்படும்போது அடிவயிற்றில் ‘டொக்’ என்று ஓர் அடி. பிறகு தரை முழுவதும் பரவும் ஒரு முரல். காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுத்தால் மறுபடியும் ஓர் அடி. கியர்த் தண்டு தானாகவே முன்னும் பின்னும் ஆடியது. ஒரு பட்டறையில் காட்டினேன். அவர்கள் வண்டியைத் தெரு முனை வரை ஓட்டிப் பார்த்துவிட்டு, “கியர் பாக்ஸ் போச்சு சார், உள்ளே வெள்ளத் தண்ணி பூந்திருக்கு” என்றார்கள். வேறொரு பழைய பெட்டி கிடைத்தால் மாற்றித் தர 45,000 ரூபாய் ஆகும். கிடைக்கும் என்று உறுதி கூற முடியாது. பழைய இரும்புக்குக் கொடுத்தால் 12,000 ரூபாய் தருவதற்கு ஒருவர் ஆயத்தமாக இருப்பதாகவும் அவர்களே சொன்னார்கள். அந்த டிசம்பரிலும் ஜனவரியிலும் எங்கள் பகுதியிலிருந்து எத்தனையோ வண்டிகள் கயிறு கட்டி இழுத்துச் செல்லப்பட்டன. எங்கள் வண்டியும் அவற்றோடு சேர இருந்தது. தாயார் ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவின் பழைய கைப்பையை வண்டியிலிருந்து எடுத்து அலமாரியில் வைத்தார், அவ்வளவே.

இந்த நிலையில்தான் எதிர் வீட்டு மாமா வந்தார். அவருக்கு அப்போது 78 வயது. பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்ட் தொழிற்சாலையில் கியர் பெட்டிகளைப் பூட்டும் பகுதியில் வேலை பார்த்தவர். முழங்கால் மடங்காது, வண்டிக்கு அடியில் படுக்க இயலாது. ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போடச் சொல்லி அமர்ந்தார். “பட்டறையிலே எண்ணெயை இறக்கிப் பார்த்தாங்களா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “தண்ணி பூந்திருந்தா எண்ணெய் மோர் மாதிரி வெளுத்திருக்கும். அதைக்கூடப் பார்க்காம எப்படிப்பா சொன்னாங்க?” என்றார். இறக்கிப் பார்த்தோம். எண்ணெய் கறுத்துப் பழையதாய் இருந்தது, வெளுப்பு இல்லை. அளவுதான் மிகவும் குறைந்திருந்தது. வெள்ளத்தின்மீது சுமத்திய பழி அந்தக் கணத்திலேயே பாதி நீங்கிற்று.

இங்கே வண்டியின் வரலாற்றைச் சிறிது சொல்லியாக வேண்டும். ஏனெனில் பின்னால் நாங்கள் செய்ததெல்லாம் அந்த வரலாற்றால்தான் இயன்றது.

இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்ட் கம்பெனியின் துணையோடு சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற நிறுவனம் 1940-களின் இறுதியில் தோன்றிற்று. முதலில் வான்கார்ட் வண்டிகளைப் பூட்டினார்கள். பின்னர் ஸ்டாண்டர்ட் டென், பென்னன்ட் முதலியன வந்தன. அக்காலத்தில் வெளிநாட்டுப் பாகங்களைக் கொண்டுவந்து இங்கே பூட்டி விற்ற கம்பெனிகள் பல. இந்நாட்டிலேயே உற்பத்தி செய்யும் திட்டம் உடையவர்களே இங்கு நீடிக்கலாம் என்று 1953-இல் சுங்கவரிக் கமிஷனின் பரிந்துரையை ஒட்டி அரசாங்கம் முடிவு செய்தது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டிக்கொண்டு போயின. எஞ்சிய கார்கள் மூன்று குடும்பங்கள்: கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான், பம்பாயில் ஃபியட், நம் சென்னையில் ஸ்டாண்டர்ட். வாங்குவோர் பல ஆண்டுகள் காத்திருந்தனர். காத்திருந்து பெற்றதை எளிதில் விடுவார்களா? ஒரு காரை முப்பது, நாற்பது ஆண்டுகள் வைத்திருப்பதும், ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டு வாசலிலேயே அதனைப் பிரித்துப் பூட்டுவதும் அந்தப் பற்றாக்குறையின் பிள்ளைகள். அதனைச் சிக்கனம் என்று புகழ்வோர் உண்டு. எனக்கு அதில் கட்டாயமே மிகுதியாகத் தெரிகிறது.

ஹெரால்டின் பிறப்பும் ஒரு நெருக்கடியால் நேர்ந்ததே. 1950-களில் எல்லோரும் அடிச்சட்டமும் உடலும் ஒன்றாய் வார்த்தாற்போன்ற வண்டிகளுக்கு மாறிக்கொண்டிருந்தனர். ஸ்டாண்டர்ட் கம்பெனிக்கு உடற்பகுதிகளைச் செய்து தந்துகொண்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோ என்னும் நிறுவனத்தை, அதன் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. 1953-இல் விலைக்கு வாங்கிவிட்டது. முழு உடலையும் ஒரே இடத்தில் செய்து தருவார் இல்லை. ஆகவே உடலைப் பல துண்டுகளாகப் பல இடங்களில் செய்து, பழைய முறைப்படி தனியானதோர் அடிச்சட்டத்தின்மீது போல்ட்டுகளால் பிணைப்பது என்று பொறியாளர் ஹாரி வெப்ஸ்டர் முடிவு செய்தார். இத்தாலியரான மிக்கெலோட்டி உருவம் வரைந்தார். 1959-இல் இங்கிலாந்தில் அது டிரையம்ஃப் ஹெரால்ட் என்று வெளிவந்தது. 1961 முதல் நம் சென்னையில் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் ஆயிற்று. சுமார் 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் வண்டி அது. மாம்பலத்துச் சந்துகளுக்கென்றே செய்தது போல. முன்புறத்துப் பேனட் முழுவதும் முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும். சக்கரத்தின்மீது அமர்ந்தபடியே எஞ்சினில் வேலை செய்யலாம். இவற்றினும் சிறப்பு ஒன்று உண்டு. கியர் பெட்டியின்மீது கவிழ்த்திருக்கும் மூடி, வண்டிக்கு உள்ளேயே, இரு முன் இருக்கைகளுக்கும் நடுவே இருக்கிறது. திருகாணிகளைக் கழற்றி அதை எடுத்துவிட்டால் பெட்டி முழுதும் கண்ணெதிரே. வேறு வண்டிகளில் குழிக்குள் இறங்கியோ, மல்லாந்து படுத்தோ பார்க்க வேண்டியதை இதில் இருக்கையில் அமர்ந்த வண்ணம் பார்க்கலாம். உடல் செய்து தர ஆளில்லாமல் போன ஓர் ஆங்கிலக் கம்பெனியின் துன்பம், முழங்கால் மடங்காத மாமாவுக்கு ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் உதவிற்று.

இன்னொரு செய்தி. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்ட் என்ற பெயர் 1963-இல் வழக்கொழிந்தது. சென்னையிலோ அப்பெயர் மேலும் கால் நூற்றாண்டு வாழ்ந்தது. 1972-இல் கஜெல், 1985-இல் ஸ்டாண்டர்ட் 2000. பின்னது பெரிய ஆடம்பர வண்டி, எதிர்பார்த்தபடி விற்கவில்லை. 1988-இல் உற்பத்தி நின்றது. அதன் பிறகு ஹெரால்ட் வைத்திருப்பவர்களுக்குப் பாகங்கள் என்றால் புதுப்பேட்டைக் குவியல்களும், பிறர் வண்டிகளின் எலும்புகளுமே கதி.

இனிச் சத்தத்துக்கு வருவோம். “பிரிக்கிறதுக்கு முன்னாடி ஓட்டிக் கேட்கணும்ப்பா. நிறுத்தி வெச்சுக் கேட்டா வண்டி பொய் சொல்லும்” என்றார் மாமா. ஆயினும் முதற் சோதனை நிறுத்தி வைத்தேதான் நடந்தது. எஞ்சினை ஓடவிட்டுக் கியரை நியூட்ரலில் வைத்து, கிளட்சை மிதித்தும் விட்டும் கேட்கச் சொன்னார். கிளட்சை விட்டிருக்கும்போது இரைந்து, மிதித்தவுடன் அடங்கினால் கியர் பெட்டியின் முன் தண்டுப் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று பொருள். மிதிக்கும்போது மட்டும் கீச்சிட்டால் கிளட்ச் பேரிங்கின் வேலை. இரண்டும் இல்லை. ஒரு நீண்ட திருப்புளியின் முனையைப் பெட்டியின் ஓட்டில் ஊன்றி, கைப்பிடியைக் காதோரத்து எலும்பில் அழுத்திக்கொண்டு கேட்டார். மருத்துவர்களின் மார்பொலிக் கருவிக்கு மூலமும் இவ்வாறான ஒன்றே. 1816-இல் பிரான்சில் லென்னெக் என்ற மருத்துவர் ஒரு காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டாராம். என் தந்தையார் இருந்திருந்தால் இந்தக் காட்சியை மிகவும் ரசித்திருப்பார். மாமா திருப்புளியை எடுத்துவிட்டு, “பல்லெல்லாம் நல்லா இருக்கு” என்றார்.

அடுத்து ஓட்டம். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டோம். வண்டியின் வேகத்தோடு ஏறி இறங்கும் சத்தமா, எஞ்சினின் வேகத்தோடு ஏறி இறங்கும் சத்தமா என்பதே முதற் கேள்வி. துரைசாமி சுரங்கப்பாதை இதற்கு ஏற்ற இடம். இறக்கத்தில் கியரை நியூட்ரலுக்குத் தள்ளி வண்டியைத் தானே உருளவிட்டால், எஞ்சினும் கியர் பெட்டியின் முற்பகுதியும் ஓய்ந்திருக்க, பின்பகுதி மட்டும் சுழலும். சோதனைக்காக ஒரு முறை செய்தோமேயன்றி, இது எவரும் பழகத் தக்க பழக்கமன்று. நியூட்ரலில் உருண்டபோது முரல் நின்றது. அப்படியானால் சக்கரப் பேரிங்குகள் குற்றமற்றவை. வளைவில் திரும்பும்போது சத்தம் கூடாததும் அதையே சொல்லிற்று. டிஃபரன்ஷியலின் கிரவுன், பினியன் பற்கள் தேய்ந்திருந்தால் இழுக்கும்போது ஒரு சுருதியும், விடும்போது வேறொரு சுருதியுமாக ஊளையிடும், அதுவும் இல்லை. இழுவை ஏற்படும் கணத்தில் ஓர் அடி, இழுவை நீடிக்கும் வரை முரல், இழுவை நீங்கும் கணத்தில் ஓர் அடி.

அந்த அடிக்குக் காரணமாகக் கூடியவை ஹெரால்டில் பல. பின்சக்கரங்கள் தனித்தனியே அசையும் அமைப்பு ஆதலால், நடுத்தண்டில் இரண்டு கிராஸ்கள் போதாவென்று, டிஃபரன்ஷியலின் இருபுறத்து அரைத்தண்டுகளின் உள்முனையிலும் ஒவ்வொரு கிராஸ் உண்டு. ஆக நான்கு. கிராஸ் தேய்ந்தால் ‘டிங்க்’ என்று இரும்பு இரும்போடு மோதும் ஒலி. நம்முடையதோ கனத்த ஒலி, யாரோ உலக்கையை மண்தரையில் வைத்தாற்போல. மாமா கியர்த் தண்டின் தலையில் விரலை வைத்துக்கொண்டே வந்தார். “இது ஆடுது பாரு. தண்டு பெட்டியிலேதான் நிக்குது. தண்டு ஆடினா பெட்டி ஆடுது. பெட்டி ஏன் ஆடணும்?” என்றார். அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து பாட்டரி இணைப்பைக் கழற்றி, இருக்கையை எடுத்து, மூடியைத் திறந்தோம். பின்னர் இணைப்பைத் திரும்பக் கொடுத்து, நான்கு சக்கரங்களுக்கும் மரக்கட்டை அண்டை கொடுத்து, கைப்பிரேக்கை இறுக்கி, என் மகன் முதல் கியரில் கிளட்சை மெல்ல விட, நான் கைவிளக்கோடு பார்த்தேன். பெட்டியின் வால்பகுதி ஒரு விரற்கடை எழும்பிற்று. ரிவர்ஸ் கியரில் விட்டபோது மறுபுறம் சாய்ந்தது. அதனைத் தாங்கிக்கொண்டிருக்க வேண்டிய மவுண்டிங் ரப்பர்கள், உலோகத் தகட்டை விட்டுப் பிரிந்து, மழையில் நனைந்த வெல்லக்கட்டி போல் ஊறிக் குழைந்து கிடந்தன. பெட்டியின் வால் தாழ்ந்துவிட்டதால் புகைக்குழாய் அடிச்சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. தரை முழுவதும் பரவிய முரல் அதுதான். 45,000 ரூபாய்க் கியர் பெட்டிக்கு எந்த நோயும் இல்லை.

இந்த ரப்பர் அங்கே ஏன் வந்தது? தொடக்க கால மோட்டார் வண்டிகளில் எஞ்சினை அடிச்சட்டத்தோடு நேரே முடுக்கிவிடுவார்கள். எஞ்சின் நடுங்கினால் வண்டி நடுங்கும். ஏறியவர் பல்லும் நடுங்கும். சட்டம் முறுக்கிக்கொள்ளும்போது எஞ்சின் கூடு வெடித்துவிடாமல் இருக்க மூன்று புள்ளிகளில் தாங்குவது என்ற முறை வந்தது; 1908-இன் ஃபோர்டு டி மாடல் அவ்வகையினது. ஆனால் நடுக்கம் தீரவில்லை. நான்கு சிலிண்டர் எஞ்சினில் பிஸ்டன்கள் ஏறி இறங்குவதால் ஒரு சுற்றுக்கு இரு முறை அசைவு எழும்; அது இயற்கை, எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும் போகாது. 1931-இல் அமெரிக்காவின் கிரைஸ்லர் கம்பெனி தன் பிளிமத் வண்டியில் ஒரு புதுமையைச் செய்தது. அதற்கு மிதக்கும் விசை என்று பொருள்படப் பெயரிட்டார்கள். எஞ்சினும் கியர் பெட்டியும் சேர்ந்த தொகுதிக்கு, தானாக அசைய விட்டால் எந்த அச்சைச் சுற்றி அசையுமோ அந்த அச்சில், முன்னால் உயரத்தில் ஒரு ரப்பரும், பின்னால் கியர் பெட்டியின் வாலில் தாழ்வாக ஒரு ரப்பரும் வைத்தார்கள். நடுக்கத்தை அடக்க முயலாமல், நடுங்கட்டும் என்று விட்டு, அது வெளியே வராமல் மட்டும் தடுத்தார்கள். அடுத்த ஆண்டே பிரான்சில் சிட்ரோயன் கம்பெனி உரிமை பெற்று அதைக் கையாண்டது. நீரில் மிதக்கும் அன்னத்தை அதற்குச் சின்னமாகவும் வைத்தது. இன்று சாலையில் ஓடும் எஞ்சின் வண்டிகளில் பெரும்பாலானவற்றில் ஏதோ ஒரு வடிவில் அந்த எண்ணம் இருக்கிறது.

ரப்பருக்கு ஒரு விந்தைக் குணம் உண்டு. அதை நசுக்கினால் கடினம். பக்கவாட்டில் இழுத்தால் மெது. பெட்டியின் எடையை நசுங்கித் தாங்கவும், நடுக்கத்தைப் பக்கவாட்டில் நெகிழ்ந்து விழுங்கவும் ஒரே துண்டு போதும். ஆனால் இயற்கை ரப்பருக்கு எண்ணெய் நஞ்சு. எங்கள் வண்டியில் கியர் பெட்டியின் பின்முனை ஆயில் சீல் தேய்ந்து, பல ஆண்டுகளாகச் சொட்டுச் சொட்டாக எண்ணெய் வழிந்து ரப்பரை ஊறவைத்திருக்கிறது. பெட்டியில் எண்ணெய் குறைந்திருந்ததன் காரணமும் அதுவே. வெள்ளம் வராவிட்டாலும் அந்த ரப்பர் அந்த ஆண்டு அறுந்திருக்கும்.

ஒரு நிமிடம் வண்டியை விட்டு விலகுகிறேன். 1876-இல் ஹென்றி விக்ஹாம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். அங்கு முளைத்த கன்றுகள் இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் சென்றன. மலேயாக் காடுகள் தோட்டங்களாயின. அத்தோட்டங்களில் விடியுமுன் எழுந்து மரப்பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர்களில் மிகப் பலர் நம் தமிழ் மக்கள். நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பலேறியவர்கள். கங்காணி சொல்லை நம்பிப் போனவர்கள். உலக மந்தத்தில் ரப்பர் விலை வீழ்ந்தபோது, 1930-க்கும் 1932-க்கும் இடையே அவர்கள் ஆயிரமாயிரமாகத் திருப்பி அனுப்பப்பட்டனர். அமெரிக்காவில் எஞ்சினை மிதக்கவைக்க ரப்பர் கண்டுபிடிக்கப்பட்ட அதே ஆண்டுகளில், அந்த ரப்பரை வடித்தவர்கள் வேலையின்றிக் கப்பல் தளத்தில் நம் துறைமுகங்களுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். மோட்டார் வரலாறு எழுதுவோர் டெட்ராய்ட்டைப் பற்றிப் பல பக்கங்கள் எழுதுகிறார்கள். இவர்களுக்கு ஒரு வரி ஒதுக்குவதைக் காண்பது அரிது. அந்தக் குறை என்னால் தீரப் போவதில்லை. ஆயினும் குழைந்த அந்த ரப்பரைக் கையில் வைத்திருந்தபோது அவர்களையே நினைத்துக்கொண்டேன்.

இனி மாற்று வேலை. புதுப்பேட்டையில் ஒரு நாள் முழுவதும் அலைந்தேன். கிடைத்தவையெல்லாம் என் பழையதைவிடப் பழையவை. ரப்பர் என்பது பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் காற்றுப்பட்டு வெடித்துப் போகும். ஒருவர் பழைய டயரை வெட்டி வைக்கச் சொன்னார். பற்றாக்குறைக் காலத்துச் சென்னையில் இது பழகிய வழி. செய்து பார்த்தேன். ‘டொக்’ அடி நின்றது. ஆனால் வண்டி முழுவதும் தையல் இயந்திரம் போல் அதிர்ந்தது. டயரில் நூல் அடுக்குகள் உண்டு, ரப்பரும் கடினம். தேய்வதைத் தாங்கச் செய்த பொருள் நெகிழ்வதற்கு உதவாது. மாமா சிரித்தார். “1931-க்கு முந்தின வண்டியாக்கிட்டியே” என்றார்.

பின்னர் கிண்டித் தொழிற்பேட்டையில், ரப்பர் வார்க்கும் ஒரு சிறு கூடத்தில் பழைய துண்டுகளைக் காட்டினேன். 1958-இல் அமைந்த அந்தப் பேட்டையில் இப்போது கணினிக் கட்டடங்கள் மிகுதி. இடுக்குகளில் இப்படிச் சில கூடங்கள் இன்னும் மூச்சுவிடுகின்றன. அவர் பழைய தகடுகளைச் சுத்தம் செய்து, அவற்றின்மீதே புதிய ரப்பரை வார்த்து ஒட்டித் தருவதாகச் சொன்னார். எவ்வளவு கடினம் வேண்டும் என்று கேட்டார். ரப்பரின் கடினத்தை அளக்க ஷோர் என்ற அளவு இருக்கிறது. இத்தகைய தாங்கிகளுக்குப் பெரும்பாலும் 40-க்கும் 60-க்கும் இடைப்பட்டது பொருந்தும். மாமாவைத் தொலைபேசியில் கேட்டேன். எண்ணாகச் சொல்ல அவருக்குத் தெரியவில்லை. “கட்டைவிரல் நகத்தாலே அழுத்தினா பள்ளம் விழணும், எடுத்தா உடனே எழும்பணும்” என்றார். கூடத்துக்காரர் மூன்று மாதிரித் துண்டுகளை என் கையில் கொடுத்தார். நடுவில் இருந்ததைத் தேர்ந்தேன். அது 50 என்றார்.

ரப்பரைப் பூட்டுவதற்கு முன் ஆயில் சீலை மாற்றியாக வேண்டும் என்பதில் மாமா பிடிவாதமாக இருந்தார். நோயை விட்டுவிட்டு நோயின் அடையாளத்துக்கு மருந்து போடுவதை என் தந்தையாரும் ஒப்பியதில்லை. நடுத்தண்டைக் கழற்றி, பழைய சீலை நெம்பி எடுத்து, ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் அளவு பார்த்து வாங்கிய புதியதைச் சுற்றிலும் சமமாகத் தட்டி இறக்கினோம். பிறகு பெட்டியின் அடியில் ஒரு பலகை வைத்து, அப்பலகையின்மீது ஜாக்கியை மெல்ல உயர்த்தினோம். பலகையில்லாமல் ஜாக்கியை நேரே முட்டினால் ஓடு வெடித்துவிடும். ஜாக்கி ஒன்றை நம்பி வண்டிக்கு அடியில் எவரும் தலையை நீட்டலாகாது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். நாங்கள் உள்ளிருந்தே வேலை செய்ய முடிந்தது ஹெரால்டின் புண்ணியம். ஓரங்குலம் உயர்த்தியதும் பழைய நட்டுகள் கழன்றன. புதிய ரப்பர்கள் அமர்ந்தன. உடனே இறுக்கிவிடப் போனேன். மாமா கையைத் தட்டினார். முதலில் நட்டுகளை விரலால் மட்டும் ஏற்றி, ஜாக்கியை இறக்கி, பெட்டியின் எடை ரப்பர்மீது விழுந்த பின், எஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிட வேண்டும். அப்போது தொகுதி தன் இயல்பான இடத்தைத் தானே தேடிக்கொள்ளும். அதன் பிறகே இறுக்க வேண்டும். முன்னதாக இறுக்கினால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நின்று விரைவில் கிழியும்.

மொத்தச் செலவு, புது எண்ணெய் உட்பட, 3,000 ரூபாய்க்குள் அடங்கிற்று. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் கழிந்தன.

மூன்றாம் ஞாயிறன்று மாலை மாமாவை முன்னே அமர்த்திப் புறப்பட்டேன். அடி இல்லை, முரல் இல்லை, கியர்த் தண்டு அசையாமல் நின்றது. ஆரிய கவுடா ரோட்டில் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கையில், பெரிய சத்தம் மறைத்து வைத்திருந்த ஒரு சிறு சத்தம் இப்போது தெளிவாகக் கேட்டது: புறப்படும்போது மட்டும் பின்னாலிருந்து மெல்லிய ஒரு ‘டிங்க்’. நான் மாமாவைப் பார்த்தேன். அவர் முன்பே கேட்டிருக்கிறார். “இடது பக்கத்து அரைத்தண்டு கிராஸ். அது இன்னும் ஒரு வருஷம் ஓடும். மழைக்கு முன்னாடி பார்த்துக்கலாம்” என்றார்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது தாயார் கதவருகே நின்றிருந்தார். கைப்பை அவர் கையில் இருந்தது. கோவில் நடை சாத்த இன்னும் அரை மணி நேரம் இருக்கிறதே என்றார்.